கையை ஊன்றாதே

நான் விழவில்லை. உட்கார்ந்தேன். மகள் ஷைனியிடம் இதைச் சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டுச் சங்கரவடிவிடம் சொல்லிவிட்டேன், ஆராதனை முடிந்து கோயில் வாசலில் விசாரித்தவர்களிடமெல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லிவிட்டேன், இன்று மத்தியானத்திலிருந்து இந்தக் கடிகாரத்திடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. கடிகாரமாம் கடிகாரம். முள் கிடையாது, சாவி கிடையாது, கறுப்பாக ஒரு சதுரம், தொட்டால் விழிக்கிறது, விட்டால் தூங்குகிறது. பூனாவிலிருந்து கூரியரில் வந்தது. நான் கேட்டேனா? என் நாடியை எண்ணுமாம், என் தூக்கத்தை அளக்குமாம், நான் விழுந்தால் அந்த நிமிஷமே ஷைனிக்குச் சொல்லிவிடுமாம். விழுந்தால். என் மணிக்கட்டில் ஒரு காவல்காரனை உட்காரவைத்திருக்கிறாள், அவனுக்கு வைஃபை என்கிற சாப்பாடு போட வேண்டிய பொறுப்பும் என் தலையில். நேற்று ஃபோனில் சத்தம் போட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். “நாளைக்குச் சாயங்காலம் நான் கூப்பிடும்போது வாட்ச் வீட்டு வைஃபையில இருக்கணும்மா. புறவாசல் வரைக்கும் சிக்னல் எடுக்கணும். இல்லன்னா நான் வந்து உங்களக் கூட்டிட்டு வந்துருவேன். வீட்ட வாடகைக்கு விட்டுரலாம்.” வீட்டை வாடகைக்கு விட்டுரலாம். பழைய சைக்கிளை விற்றுவிடலாம் என்கிற மாதிரி. நானும் அவள் அப்பாவும் பாளையங்கோட்டை வெயிலில் நின்று ஒவ்வொரு செங்கலுக்கும் தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீடு. பூனாவில் அவளுடைய வீடு பதினோராம் மாடியில் இருக்கிறது. புறா வராமலிருக்க பால்கனி முழுக்க வலை கட்டியிருக்கிறார்கள். போன தடவை போயிருந்தபோது அந்த வலைக்கு இந்தப் பக்கம் நின்று நானும் அந்தப் பக்கம் நின்று புறாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வாரம் அதுதான் எனக்கு வேலை.

ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வைஃபையே தேவையில்லை, கடிகாரம் ஃபோன் வழியாகவே பேசிக்கொள்ளுமாம். ஆனால் நான் ஃபோனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போய்விடுகிறேனாம். அதனால் கடிகாரம் தன் காலில் நிற்க வேண்டுமாம். கடிகாரம் தன் காலில் நிற்கலாம், நான் மட்டும் நிற்கக் கூடாது. சரி, முதலில் ஃபோனில் ப்ளூடூத்தை அணைக்கச் சொன்னாள், அணைத்தேன். கடிகாரத்தில் பல்சக்கரம் மாதிரி இருப்பதைத் தொடச் சொன்னாள், தொட்டேன். வைஃபை என்றிருப்பதைத் தொட்டால் பெயர்கள் வரும், நம் வீட்டுப் பெயரைத் தொட்டு பாஸ்வேர்டைப் போட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதான் என்று சொல்கிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. பெயர்கள் வந்தன. வராமல் என்ன? வடிவு ஹோம் வந்தது. எதிர் வீட்டு டாக்டரின் கிளினிக் வந்தது. மூலைவீட்டுக்காரர் தன் நாயின் பெயரையே வைஃபைக்கும் வைத்திருக்கிறார், அந்த நாய் வந்தது. தெருவே என் மணிக்கட்டில் வந்து வரிசையாக நிற்கிறது, என் வீடு மட்டும் இல்லை. பியூலா பி.டி. என்று ஷைனிதான் பெயர் வைத்தாள், பி.டி. டீச்சர் வீடு என்பதற்காக, தபால்காரர்கூட அப்படிச் சொன்னால்தான் வழி காட்டுவார். மறுபடி தேடச் சொன்னேன். சுற்றியது, சுற்றியது, பிறகு தமிழில் எழுதிக்காட்டியது: கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும். யாரைப் பார்த்து? மீண்டும் முயலவும் என்று சொல்வதுதான் வாழ்நாள் முழுக்க என் உத்தியோகம். வியர்த்து வழிந்துகொண்டு, பாவாடையில் மணல் ஒட்டிக்கொண்டு, கம்பைத் தட்டிவிட்டு அழுகிற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்ச்சும் தொங்கும். அப்போது கடிகாரத்தைப் பார்த்து நான் பிள்ளைகளை ஓடவிட்டேன், இப்போது கடிகாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஸ்டாப்வாட்ச் ஒரு நாளும் என்னிடம் வைஃபை கேட்டதில்லை.

இத்தனைக்கும் நான் யார் என்று ஷைனிக்குத் தெரியாதா? விழுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். உயரம் தாண்டுவதைச் சொல்லிக்கொடுக்கும் முன்னால் விழுவதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். மற்றப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சிரிப்பார்கள். பிள்ளைகளை மணல்குழிக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவைத்து, ஒவ்வொருத்தியாக விழு என்பேன். சும்மா நின்ற இடத்தில் விழு. தாடையை நெஞ்சோடு சேர், தோளைக் கொடு, உருண்டு போ, கையை ஊன்றாதே. கையை ஊன்றாதே என்பதை மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, மைதானத்துக்கு வெளியே சுண்டல் விற்கிறவர்கூட என்னைக் கண்டால் அதைச் சொல்லிச் சிரிப்பார். உடம்பு பயந்தால் கையை நீட்டும், அது உடம்பின் புத்தி, அந்தப் புத்தியை அடித்துத் துரத்துவதுதான் பயிற்சி. நீட்டிய கை உடம்பின் மொத்தக் கனத்தையும் வாங்கும், மணிக்கட்டு போகும். ஷைனியே ஒரு தடவை அப்படித்தான் போட்டுக்கொண்டாள், எட்டாவது படிக்கும்போது, கம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டுக் கையை ஊன்றிவிட்டாள். மாவுக்கட்டோடு முழுப்பரீட்சை எழுதினாள். மகள் என்பதால் திட்டாமல் விடவில்லை, திட்டிக்கொண்டேதான் ஆட்டோவில் ஏற்றினேன். இந்தக் கடிகார வார் மணிக்கட்டை அழுத்துகிறது. ஒரு துளை தள்ளிப் போட்டேன், அப்போதும் அழுத்துகிறது. வலதுகைக்கு மாற்றலாம்தான், ஆனால் ஏன் மாற்றினீர்கள், இடதுகையில் என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை. ராத்திரியில் தைலம் தேய்க்கிறேன், தைலம் எல்லாருந்தான் தேய்க்கிறார்கள்.

வடிவைச் சொல்ல வேண்டும். நல்லவள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை, மழை வந்தால் என் வீட்டுத் துணியையும் சேர்த்து எடுப்பாள். ஆனால் அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் முழங்கையையும் சேலையின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், போலீஸ்காரர் பார்ப்பதுபோல. “பியூலாக்கா, விழுந்திருக்கியளே” என்றாள். விழுந்தீர்களா என்று கேட்கவில்லை. தீர்ப்பே சொல்லிவிட்டாள். நான் கல்லில் உட்கார்ந்தேன் வடிவு, பாசி ஒட்டிக்கொண்டது, முழங்கை உரசிவிட்டது என்றேன். சரிக்கா என்றாள். சரிக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பூனாவுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். ஷைனியும் கேட்கவில்லை. கடிகாரம் அனுப்பினாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, சொல்லியிருக்க மாட்டேன், சொல்ல என்ன இருக்கிறது, உட்கார்ந்தேன். அவள் கேட்டது வேறு. முந்தின நாள் எங்களுக்குள் பூனாவைப் பற்றித்தான் சண்டை, இனி இதைப் பேசுவதாக இருந்தால் என்னைக் கூப்பிடாதே என்று வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு தடவை. நான் எடுக்கவில்லை. பிறகு பேசும்போது, “கோபத்துல எடுக்கலையாம்மா?” என்று கேட்டாள். ஆமா, கோபந்தான் என்றேன். சரிம்மா என்றாள். அதற்குப் பிறகு முன்னைப்போலச் சும்மா கூப்பிடுவதில்லை, காரணம் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறாள், கூப்பிட்டதும் முதலில் பேசலாமா என்று கேட்கிறாள். பெற்ற அம்மாவிடம் பேசலாமா என்று கேட்கிறாள். கேட்கட்டும். கோபம் என்பது ஒன்றும் வியாதி இல்லை, கோபக்காரியை யாரும் பூனாவுக்குக் கூட்டிப்போவதில்லை.

மணிக்கட்டு திடீரென்று நடுங்கியது, தூக்கிவாரிப்போட்டது எனக்கு. நீங்கள் நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், சற்று நடக்கவும். அடப்பாவி. உன்னை இந்த வீட்டோடு சேர்த்துவைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெயிலில் நாள் முழுக்க நின்றவளைப் பார்த்து நடக்கச் சொல்கிறது, அடுத்து மூச்சு விடச் சொல்லும் என்று நினைத்தேன், சொன்னது. நாடித்துடிப்பு அதிகமாக உள்ளது, மூச்சை ஆழமாக இழுத்து விடவும். இழுத்தேன், விட்டேன், அது சொன்னதற்காக இல்லை, நானாக. அந்த நேரம் பார்த்துத்தான் வடிவு வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள், கையில் மூடிபோட்ட கிண்ணத்தில் சொதி. ஷைனி அவளிடமும் சொல்லிவைத்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கெடச்சிட்டாக்கா என்றாள். கிடைக்கும் என்றேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், விரலை மேலும் கீழும் ஓட்டினாள், அவள் வீட்டுப் பெயர் முதலில் நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எங்க வீட்டுதையே போட்டுக்கிடுங்க, பாஸ்வேர்ட் நான் சொல்லுதேன், ஷைனிக்கு எப்படித் தெரியப்போகுது என்றாள். கையை இழுத்துக்கொண்டேன். நான் உட்கார்ந்தேனா விழுந்தேனா என்பதைப் பூனாவுக்குக் கொண்டுபோனது அவள் வாய், இனிமேல் அவள் வைஃபையும் கொண்டுபோக வேண்டுமா? எனக்கென்று ஒரு வைஃபை இருக்கிறது வடிவு, மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சரிக்கா என்றாள். சொதியில் முருங்கைக்காய் போட்டிருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபத்தில் நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

கோபம் வந்தால் நான் கோப்பைகளைத் துடைப்பேன். ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய இருக்கின்றன, மாவட்டம், மண்டலம், ஒரு தடவை மாநிலம். சில பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று என்னிடமே கொடுத்துவிட்டவை. துணியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பெரிய கோப்பையை நகர்த்தினால் அதற்குப் பின்னால் வைஃபை பெட்டி உட்கார்ந்திருக்கிறது, நான் போர்த்திவிட்ட குரோஷா உறையோடு. தூசி படியக் கூடாதென்று போட்டது. இரண்டு கொம்புக்கும் தனித்தனியாக ஓட்டை விட்டுப் பின்னினேன். உறைக்குள்ளிருந்து பச்சை விளக்குகள் மினுங்குமே, எங்கே? உறையைத் தூக்கினேன். பெட்டி செத்துக் கிடந்தது. சுவரைப் பார்த்தேன். ஸ்விட்ச் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. அணைத்தது யார்? வேறு யார், நான்தான். காலையில் ஃபோனில் ஜெபக்கூட்டம் பார்த்து முடித்ததும் அணைத்திருக்கிறேன், தினமும் அணைக்கிறேன், வேலை முடிந்தால் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்பது என் கைக்கு ஏறிப்போன விஷயம். விளையாட்டு அறையிலிருந்து கடைசியாக வெளியே வருகிறவள் நான், ஃபேனை அணைத்து, விளக்கை அணைத்து, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். அதுபாட்டுக்கு எரியட்டும் என்று எந்தப் பொருளையும் விட்டுவைத்ததில்லை. இந்தப் பெட்டிதான் ராத்திரி பகல் எரிய வேண்டுமாம், அதை எனக்கு யார் சொன்னது? ஷைனி சொன்னாள். சொன்னாள்தான். அவள் சொன்னபோது நான் வேறு எதற்காகவோ கோபமாக இருந்தேன். மத்தியானம் முழுக்க இல்லாத ஒன்றைத் தேடு தேடு என்று இந்தக் கடிகாரத்தை விரட்டியிருக்கிறேன், அது பாவம் தேடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதற்காக அதனிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஸ்விட்சைப் போட்டேன்.

போட்டதும் புத்தி வந்தது, இத்தனை வெள்ளியும் பித்தளையும் சுற்றி நின்றால் புறவாசலுக்கு எப்படிப் போகும் என்று. பெட்டியை மறைக்கட்டும் என்று கோப்பைகளை முன்னால் வைத்ததே நான்தான், அந்தக் கொம்பு எனக்குப் பிடிக்காது. வயர் நீளம் இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களை ஜன்னல் திட்டில் வைத்தேன், உறை போடவில்லை. விளக்குகள் ஒன்றொன்றாக விழித்தன. கடிகாரத்தைத் தொட்டேன், தேடியது, வடிவு ஹோமையும் நாயையும் தள்ளிவிட்டு பியூலா பி.டி. மேலே வந்து நின்றது. வந்தாயே என்றேன், சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்தது பாஸ்வேர்ட். எழுத்துகள் கடுகு மாதிரி இருக்கின்றன, என் விரல் குண்டு எறிந்த விரல், ஒன்றைத் தொட்டால் பக்கத்திலிருப்பது விழுகிறது, அதை அழிக்கப் போனால் எல்லாம் அழிகிறது. பாஸ்வேர்ட் வேறொன்றுமில்லை, ஷைனி தாண்டிய உயரமும் அவள் பனியனில் குத்தியிருந்த எண்ணும். மாவுக்கட்டு பிரித்த அடுத்த வருஷம் மாவட்டத்தில் தாண்டினாள். அவள் இதைப் போட்டபோது, வேறெதுவும் கிடைக்கவில்லையா என்றேன். உங்களுக்கு மறக்காததா ஒண்ணு வேணும்லாம்மா என்றாள். மறக்கவில்லைதான். அன்றைக்கு அவள் தோளைக் கொடுத்து உருண்டு எழுந்த அழகு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது, கை இரண்டும் நெஞ்சோடு, மணல் தெறித்தது, எழுந்ததும் கம்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். தவறான கடவுச்சொல். மீண்டும் முயலவும். முயன்றேன். தவறான கடவுச்சொல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரல் வேண்டாமென்று பென்சிலின் ரப்பர் முனையால் தொட்டுப் பார்த்தேன், அதற்கு மனுஷத் தோல்தான் வேண்டுமாம், அசையவில்லை. சுண்டுவிரலால் ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டேன். இணைக்கப்பட்டது. ஒன்றும் நடக்கவில்லை, மணி அடிக்கவில்லை, விசில் ஊதவில்லை, மூலையில் விசிறி மாதிரி ஒரு சின்ன அடையாளம் வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்குத்தான் ஒரு வீடு என் கையை விட்டுப்போக இருந்தது.

இனிப் புறவாசல். ஃபோன் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கட்டும், அதுதான் நிபந்தனை. கதவின் கொண்டியை எடுத்துவிட்டு நின்றேன். அன்றைக்குப் பிறகு நான் இந்தக் கதவைத் திறந்து போனதில்லை. துணியைப் பாத்ரூமிலேயே அலசி முன்வாசலில் காயப்போடுகிறேன், தெருவே பார்க்கக் காய்கிறது. வெயில் கொடுமை, அதனால் போகவில்லை. வெயில் இறங்கிவிட்டது. படியில் காலை வைத்தேன், அடுத்த காலை வைக்கும் முன் சுவரைப் பிடித்தேன், யாரும் பார்க்கவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அதே ஈரம், குழாய் சொட்டிச் சொட்டி அதே பாசி, அதே சோப்பு வாடை. விசிறி அடையாளம் இருக்கிறதா என்று மணிக்கட்டைப் பார்த்தேன், இருந்தது. கல்லில் உட்கார்ந்தேன். இப்போது உட்கார்ந்தேன், உட்கார்வது என்றால் இதுதான், இதில் வாளி உருளாது, வானம் சாயாது, கன்னத்தில் சிமெண்டின் குளிர் படாது. அன்றைக்கு வாளியைத் தூக்கித் திரும்பினேன், கால் தன்பாட்டுக்குப் போய்விட்டது, தாடையை நெஞ்சோடு சேர்க்க வேண்டும் என்பதோ தோளைக் கொடுக்க வேண்டும் என்பதோ மூளையின் எந்த மூலையிலும் இல்லை, கை நீண்டது. என் கை. எத்தனை பிள்ளைகளின் கையை அடித்து மடக்கியிருப்பேன், என் கை, என்னைக் கேட்காமல், அத்தனை வருஷத்தையும் தூக்கி எறிந்துவிட்டு நேராக நீண்டு ஊன்றிக்கொண்டது. பிறகு தரையில் கிடந்தேன். சாக்கடைத் துளைக்குள் நுரை சுற்றிச் சுற்றிப் போனதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வடிவு என்று கூப்பிட்டேன், மைதானத்தின் ஒரு மூலையில் நின்று மறு மூலையில் இருக்கும் பிள்ளையை நிறுத்துகிற குரல், காற்றாகத்தான் வந்தது. அப்போதுதான் ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஃபோன் அடித்தது. ஷைனிக்கென்று அவளே வைத்துக்கொடுத்த மணிச்சத்தம், வேறு யாருக்கும் அது அடிக்காது. அடித்து ஓய்ந்தது. எழுந்திரு பியூலா என்றேன். மறுபடி அடித்தது. சண்டை போட்டுவிட்டுச் சமாதானம் பேசக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது, அவளுக்கு ஒரு நாளைக்கு மேல் கோபம் தாங்காது. இந்தா வாரேன், இந்தா வாரேன் என்று நான் தரையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஓய்ந்துவிட்டது. இல்லை, உட்கார்ந்தேன். கல்லில் உட்கார்ந்தேன், பாசி ஒட்டிக்கொண்டது.

சுவருக்கு மேலே வடிவின் தலை தெரிந்தது. எனக்காகவே அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டுவைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். “அக்கா, அங்கன இருக்காதிய. நீங்க அன்னைக்கு விழுந்த இடம்லா.” தலைக்குள் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. மத்தியானத்திலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம், பூனாவும் புறாவும், மீண்டும் முயலவும், நடக்கவும், மூச்சு விடவும், எல்லாம். “நான் விழல வடிவு. உக்காந்தேன். எத்தனை தடவ சொல்ல?” சொல்லிக்கொண்டே கல்லை ஓங்கி ஓர் அடி அடித்தேன், இடதுகையால். மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் சுரீரென்று ஏறியது, கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே வடிவின் குக்கர் கூவியது, இறங்கிப் போய்விட்டாள். அப்போது கடிகாரம் துடிக்க ஆரம்பித்தது. இதுவரை இல்லாத துடிப்பு, விடாமல், கையே அதிர்கிற துடிப்பு. திரை முழுக்கச் சிவப்பு. பலமாக விழுந்ததுபோல் தெரிகிறது. நீங்கள் விழுந்தீர்களா? கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் விழுந்தேன், மற்றதில் விழவில்லை.

சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். முட்டாள் கடிகாரம், கல்லை அடித்ததற்கும் விழுந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. விழவில்லை என்பதைத் தொட்டால் போதும், உண்மையும் அதுதான், இன்றைக்கு நான் விழவில்லை, வைஃபையும் வந்துவிட்டது, சாயங்காலம் ஷைனி கூப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து பேசலாம், வீடு என்னுடையது. விரலைக் கொண்டுபோனேன். ஆனால் இது கேட்கிறது. வடிவு கேட்கவில்லை, ஷைனி கேட்கவில்லை, கோயில் வாசலில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் தெரிந்துகொண்டே வந்தார்கள், தெரிந்ததை என் முகத்தில் தேடினார்கள். நீங்கள் விழுந்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் இல்லையென்றால் ஷைனியை அழைக்கும் என்று அடியில் எழுதி, எண்கள் குறைந்துகொண்டே வந்தன. விரல் அந்தரத்திலேயே நின்றது. இதைச் சொன்னால் பூனாதான் என்று தெரியும், பதினோராம் மாடியும் வலையும் தெரியும். நான் எடுக்காத இரண்டு அழைப்பும் அவளுக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் என்பதும் தெரியும். எண்கள் தீர்ந்தன. கடிகாரத்துக்குள்ளிருந்து மணி போகும் சத்தம் கேட்டது, ஒரே மணிதான்.

“அம்மா?” மணிக்கட்டிலிருந்து வந்தது ஷைனியின் குரல். ஓடிவந்து பேசுகிறவளின் மூச்சு. “அம்மா, விழுந்துட்டீங்களா?”

“இப்ப இல்ல” என்றேன். “கல்ல அடிச்சேன். அதுக்கு ஒண்ணும் தெரியல.” அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. வாட்ச் கனெக்ட் ஆயிட்டே அம்மா என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதற்குள் என் வாய் திறந்துவிட்டது. “அன்னைக்கு விழுந்தேன், ஷைனி. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. ரெண்டு தடவையும் கேட்டுது. கோவத்துல எடுக்காம இருக்கல. எழும்ப முடியல.”

இணைப்புப் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், விசிறி அடையாளம் அப்படியே இருந்தது. இன்னும் ஒன்று பாக்கியிருந்தது, விழுந்ததைவிடப் பெரியது அதுதான், அதை இந்த உலகத்தில் அவளிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

“கைய ஊன்றிட்டேன்” என்றேன்.

அழுகிறாள் என்று தெரிந்தது, அவள் அழுவது எனக்குச் சத்தமில்லாமலே கேட்கும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எட்டாம் வகுப்பில் ஆட்டோவுக்குள் நான் அவளிடம் கேட்டதையே கேட்டாள்.

“எந்தக் கை?”

“இப்ப பேசிக்கிட்டு இருக்கேனே” என்றேன், “இந்தக் கைதான்.”